அம்மா சும்மா உட்கார்ந்திருக்கவில்லை

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். எனக்கு ஊர் கடையம் பக்கம். அம்மாவுக்கு அறுபது வயது நெருங்குகிறது. கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து பீடி சுற்றுகிறாள். போன மாதம் ஒரு முகாமில் பரிசோதித்துவிட்டு, சுகர் இருக்கிறது, சும்மா உட்கார்ந்தே இருந்தால் இப்படித்தான் வரும், நடங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அதிலிருந்து அம்மாவுக்கு ஒரே ஆத்திரம். “நான் என்னைக்குலே சும்மா உக்காந்தேன்?” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். உழைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் கெடுதலா? நான் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். காலையில் ஒரு மணி நேரம் வேகமாக நடக்கிறேன், மீதிப் பகலெல்லாம் நாற்காலிதான். எனக்கு இது போதுமா?

க., கடையம்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவின் ஆத்திரம் நியாயமானது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்களுக்குச் சும்மா இருக்க நேரம் ஏது? இலையை நனைத்துப் பதமாக்கி, அளவு வைத்துக் கத்தரியால் வெட்டி, அப்புறம் சொளவை, அதாவது முறத்தை, மடியில் எடுத்து வைத்தால், தூளை வைத்து உருட்டி, முனையை மடக்கி, நூலைச் சுற்றிக் கட்டுவது வரை விரல் நிற்பதே இல்லை. அந்த விரல்களில்தான் ஆலங்குளத்திலும் பாவூர்சத்திரத்திலும் முக்கூடலிலும் எத்தனையோ பிள்ளைகள் படித்து வேலைக்குப் போயிருக்கிறார்கள். அப்படி ஒருவரிடம் ‘சும்மா’ என்று சொன்னது தப்பு.

ஆனால் உடம்பு வேறு கணக்குப் பார்க்கிறது. விரல் எவ்வளவு வேகமாக ஓடினாலும், உடம்பிலேயே பெரிய தசைகளான தொடைக்கும் இடுப்புக்குக் கீழ் பின்பக்கத்துக்கும் அந்த நேரம் முழுக்க வேலை கிடையாது. நாம் சாப்பிட்ட சோறு சர்க்கரையாக இரத்தத்தில் சேரும்போது அதில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ள வேண்டியவை தசைகள்தான். தசை சுருங்கி விரிந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாதவர்களுக்கும் சர்க்கரை உள்ளே போகும். அசையாமல் கிடந்தால் அந்த வழி அடைபட்டுவிடுகிறது.

இந்த விஷயம் முதலில் வெளிச்சத்துக்கு வந்ததே உழைக்கிறவர்களை வைத்துத்தான். லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் மாடி பஸ்களின் டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டுப் பார்த்து 1953-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரே பஸ், ஒரே ரோடு. டிக்கெட் கொடுக்க நாள் முழுக்கப் படியேறி இறங்கிய கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு, ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தே இருந்த டிரைவர்களுக்கு அதிகம். டிரைவர் சோம்பேறி என்று யாராவது சொல்வார்களா? அவருக்கு வாய்த்த வேலை அப்படி. உங்கள் அம்மாவுக்கு வாய்த்ததும் அப்படித்தான்.

2024-ல் வெளியான உலகளாவிய ஆய்வு ஒன்று, 2022 நிலவரப்படி இந்தியாவில் வயது வந்த பெண்களில் 57 சதவீதம் பேருக்கும் ஆண்களில் 42 சதவீதம் பேருக்கும் போதுமான உடலுழைப்பு இல்லை என்றது. உடனே ‘சோம்பேறி ஆகிவிட்டோம்’ என்று ஆளாளுக்குப் பேசினார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிப்பதில்லை. உட்கார வைத்துத்தான் கூலி தருகிறோம், பிறகு ஏன் உட்கார்ந்தாய் என்று அவர்களையே கேட்கிறோம்.

அம்மா செய்யக்கூடியது என்ன? 2012-ல் ஆஸ்திரேலியாவில் ஒரு சிறிய ஆய்வு நடந்தது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிடம் மெதுவாக நடந்தாலே, சாப்பாட்டுக்குப் பிறகு ஏறும் சர்க்கரை நன்றாகக் குறைகிறது என்று கண்டார்கள். பீடிக்காரர்களுக்கு இரண்டு நிமிடமும் காசுதான், தெரியும். அதனால் குறைந்தது மதியச் சோறு உண்டதும் உடனே சொளவை எடுக்காமல் தெருமுனை வரை போய் வரச் சொல்லுங்கள். தண்ணீர்ச் செம்பையும் நூலையும் கைக்கெட்டும் இடத்தில் வைக்காமல் அடுக்களையில் வையுங்கள். மாத்திரையை மட்டும் நிறுத்த வேண்டாம்.

இன்னொன்று. சுற்றிய பீடியைக் கடையில் கொண்டுபோய்ப் போடுவது யார்? முன்பெல்லாம் சாயந்திரமானால் பெண்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு நாலைந்து பேராகப் பேசிக்கொண்டே நடந்து போவார்கள். இப்போது பல வீடுகளில் மகன் பைக்கில் கொண்டு போட்டுவிடுகிறான். பாசம்தான், ஆனால் அம்மாவுக்கு அன்றைக்கு இருந்த ஒரே நடை அதோடு போயிற்று. முழங்கால் வலி இல்லையென்றால் அந்த வேலையை அவரிடமே விட்டுவிடுங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தகவல்களைத் திரட்டி 2016-ல் ஓர் ஆய்வு வந்தது. தினமும் 60 முதல் 75 நிமிடம் ஓரளவு வேகமாக நடப்பவர்களுக்கு, எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்காருவதால் கூடுகிற மரண ஆபத்து பெரும்பாலும் இல்லாமல் போகிறது என்றார்கள். ஆகவே உங்கள் காலை நடை வீண் இல்லை, விடாதீர்கள். ஆனால் அதே ஆய்வில், ஐந்து மணி நேரத்துக்கு மேல் டிவி முன்னால் இருப்பவர்களுக்கு அந்த நடையாலும் ஆபத்து முழுதாக நீங்கவில்லை. வேலை முடிந்த பிறகும் திரை முன்னாலேயே ராத்திரியைக் கழிக்க வேண்டாம். போன் வந்தால் எழுந்து நின்று பேசுங்கள்.

மீதி, ஊர் செய்ய வேண்டியது. நீங்கள் விடியற்காலையில் ரோட்டில் நடக்கலாம், அம்மா எங்கே நடப்பார்? தென்காசி ரோட்டில் லாரிக்கு ஒதுங்கவே சரியாக இருக்கும். எத்தனையோ ஊர்களில் கால்வாய்க்கரை உடைமரம் மண்டிக் கிடக்கிறது, விளக்கும் இல்லை. 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நல்ல திட்டம். மாத்திரை கொண்டுவரும் பெண் சொளவையும் பார்த்துவிட்டுத்தான் போகிறார். ‘ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் உட்காருதீங்க?’ என்ற கேள்வியும் அவர் குறிப்பில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

தமிழ்நாட்டில் கிராமசபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. கரையைச் செதுக்கி நாலு விளக்குப் போடச் சொல்லி ஒரு மனு எழுதுங்கள். முதல் கையெழுத்தை அம்மா போடட்டும், தெருவில் பீடி சுற்றுகிற மற்றவர்களிடமும் வாங்குங்கள். வாசகம் எழுத உதவி வேண்டுமென்றால் எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன்.