கேபிளை நிறுத்தினோம், செலவு கூடிவிட்டது!

கேள்வி: நாங்கள் கன்னியாகுமரி மாவட்டம் தக்கலை பக்கம் இருக்கிறோம். அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணன் லீவுக்கு வந்தபோது, "இன்னுமா கேபிளுக்குக் காசு குடுக்கிய? நாங்க அதை எப்பவோ நிறுத்தியாச்சு" என்று சொல்லி ஸ்மார்ட் டிவி வாங்கித் தந்தார். மாதம் 250 ரூபாய் கேபிளை நிறுத்தினோம். இப்போது ஃபைபர் நெட்டுக்கு 589, நெட்ஃபிளிக்ஸுக்கு 499, ஜியோஹாட்ஸ்டாருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 299, அமேசான் பிரைமுக்கு வருடம் 1,499 என்று போகிறது. இத்தனைக்கும் மாமியாருக்குத் திருப்தி இல்லை. "டிவிய போட்டா அது பாட்டுக்கு ஓடணும் மக்ளே, நான் போய்த் தேடணுமா?" என்கிறார். அவருடைய சீரியலுக்காக இன்னொரு ஆப் எடுக்கலாம் என்கிறாள் மகள். கேபிள்காரரிடம் முறைத்துப் பேசி நிறுத்தியதால் திரும்பப் போய்க் கேட்கக் கணவர் கூச்சப்படுகிறார். என்ன செய்யலாம்?
- பெயர் வேண்டாம், தக்கலை

பதில்: சகோதரி, உங்கள் அண்ணன் சொன்னதில் தப்பில்லை. அவர் இருக்கும் ஊருக்கு அது நல்ல யோசனையாக இருந்தது. அங்கே கேபிள் பில் மாதம் நூறு டாலரைத் தாண்டுவது சாதாரணம். 2010இல் நெட்ஃபிளிக்ஸ் மாதம் 7.99 டாலருக்குக் கிடைத்தபோது, கேபிளை நிறுத்தியவர்களுக்கு நிஜமாகவே காசு மிஞ்சியது. அங்கேயும் அந்தக் காலம் போய்விட்டது. கேபிளுக்குப் பதிலாக 2017இல் 35 டாலருக்கு வந்த யூடியூப் டிவி, 2025 ஜனவரியில் 82.99 டாலர் ஆகிவிட்டது. அண்ணன் அடுத்து போன் பண்ணும்போது அவர் மாதம் எவ்வளவு கட்டுகிறார் என்று கேட்டுப் பாருங்கள். உடனே பதில் வராது என்று நினைக்கிறேன்.

நம் ஊரில் நிலைமை வேறு. இங்கே கேபிள் ஒருநாளும் நூறு டாலர் சமாசாரமாக இருந்ததில்லை. 2011இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்குக் கொடுத்தது ஞாபகம் இருக்கும். 2019இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த முறையில்தான் முதல் 100 சேனலுக்கு 130 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, கட்டணச் சேனல்களுக்குத் தனிக் காசு என்று ஆனது. சன் டிவி ஒன்றுக்கே 19 ரூபாய். எல்லோரும் திட்டினோம். உங்கள் கணவர் முறைத்ததும் அந்த மாதிரி ஏதோ ஒரு விலையேற்றத்துக்காகத்தான் இருக்கும். அப்படி ஏறியும் நீங்கள் கொடுத்தது 250 ரூபாய்தான். அண்ணன் ஊரில் வெட்டியது பெரிய செலவை. நீங்கள் வெட்டியது இருந்ததிலேயே சின்னச் செலவை.

இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். நெட்டுக்குப் போகும் 589 ரூபாயை நான் இதில் சேர்க்க மாட்டேன். வீட்டில் படிக்கிற பிள்ளை, வெளிநாட்டு வீடியோ கால் எல்லாம் இருக்கும்போது டிவி இல்லாவிட்டாலும் அந்தச் செலவு இருக்கும். மீதி? நெட்ஃபிளிக்ஸ் 499, ஹாட்ஸ்டார் மாதத்துக்கு 100, பிரைம் 125. மொத்தம் 724 ரூபாய். வருடத்துக்கு 8,688. கேபிள் 3,000த்தில் முடிந்திருக்கும். இவ்வளவு கொடுத்தும் மாமியார் கேட்டது அதில் இல்லை என்பதுதான் வேடிக்கை.

ஏன் இல்லை என்றால், ஒவ்வொரு சேனல் குடும்பமும் தன் சரக்கைத் தன் கடையில்தான் விற்கிறது. விஜய் டிவி சீரியல் ஹாட்ஸ்டாரில். சன் டிவி என்றால் சன் நெக்ஸ்ட். ஜீ தமிழுக்கு ஜீ5. கேரளத்துக்குப் பக்கமான நம் கல்குளம், விளவங்கோடு தாலுகா வீடுகளில் மலையாளமும் ஓட வேண்டும். ஏசியாநெட் ஹாட்ஸ்டாரிலேயே கிடைத்துவிடும், சூர்யாவுக்கு மறுபடியும் சன் நெக்ஸ்ட், மழவில் மனோரமாவுக்கு மனோரமா மேக்ஸ். ஒரே ரிமோட்டில் எண்ணை அமுக்கி அவர் பார்த்துக்கொண்டிருந்ததை ஆப்பில் கொண்டுவர நாலு சந்தா வேண்டும். மகள் சொல்வது போல் ஒன்றை மட்டும் சேர்த்தால் அடுத்த மாதம் இன்னொன்று கேட்கும்.

ஆப்களின் விலை ஏறுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2023 முதல் 2027 வரை ஐந்து ஐபிஎல் சீசனுக்கான ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. டிவிக்கு ஒரு கம்பெனி, இணையத்துக்கு வேறொரு கம்பெனி. இணைய உரிமையை எடுத்தவர்கள் 2023, 2024 இரண்டு வருடமும் ஜியோசினிமாவில் சும்மா காட்டினார்கள். நாமும் போனில் பார்த்துப் பழகிவிட்டோம். 2025 பிப்ரவரியில் ஜியோசினிமாவும் ஹாட்ஸ்டாரும் சேர்ந்து ஜியோஹாட்ஸ்டார் ஆனது, இலவசமும் அதோடு சுருங்கியது. பிரைம் 2016இல் இங்கே வரும்போது வருடம் 499 ரூபாய். பிறகு 999, 2021 டிசம்பரில் 1,499. போதாததற்கு 2025 ஜூனிலிருந்து படத்துக்கு நடுவே விளம்பரம், அது வேண்டாம் என்றால் மேலும் காசு. நியாயமாகச் சொன்னால் நெட்ஃபிளிக்ஸ் மட்டும் 2021இல் இங்கே விலையைக் குறைத்தது. உங்கள் 499 ரூபாய்த் திட்டம் அதற்கு முன் 649.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் கேபிளைத் திரும்ப வாங்குங்கள். உங்கள் வீட்டில் இரண்டு விதமாக டிவி பார்க்கிறார்கள். மகள் தேடிப் பார்ப்பவள். மாமியாருக்கு டிவி என்பது சாயங்காலம் விளக்கு வைத்ததும் தானாக ஓட வேண்டியது, அடுத்து எது என்று அது சொல்ல வேண்டும். அவரை ஆப்புக்குப் பழக்க முயலாதீர்கள். இந்த வயதில் ரிமோட்டுக்காகப் பேத்தியைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்து போவார், சீரியல் பார்க்கும் ஆசையே விட்டுப் போகும். அவருக்காகச் செலவழிக்கும் 250 ரூபாயைக் கணக்குப் பார்க்க வேண்டிய செலவாக நான் நினைக்கவில்லை.

தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதக் கட்டணமே கிடையாது, ஆனால் அவர் கேட்கும் சீரியல் சேனல்கள் அதில் வராது. டிடிஎச் வைக்கலாம் என்று யாராவது சொன்னால், நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மழை வலுத்தால் படம் நின்றுவிடும்.

கேபிள்காரரிடம் போகக் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஒவ்வொரு வீடாக இணைப்பு போய்க்கொண்டிருக்கும் நேரத்தில், திரும்பி வருகிறவரிடம் அவர் பழைய கதை பேச மாட்டார். கணவருக்கு மனமில்லை என்றால் நீங்களே போன் போடுங்கள், "அத்தைக்கு வேணும்" என்றால் போதும். ஆனால் பேசும்போதே எந்தெந்தச் சேனல், ஜிஎஸ்டியோடு மொத்தம் எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். அந்த 130 ரூபாய் அடிப்படைக் கட்டணத்துக்கு இருந்த உச்சவரம்பை 2024 ஜூலையில் டிராய் எடுத்துவிட்டது. அதனால் இடத்துக்கு இடம் விலை மாறலாம். மலையாளச் சேனல்கள் அந்தப் பேக்கில் இருக்கிறதா, தனியா என்பதையும் கேளுங்கள்.

அப்புறம் ஆப்கள். ஒரு சமயத்தில் ஒன்று போதும். நெட்ஃபிளிக்ஸ் வேண்டிய மாதத்தில் 199 ரூபாய்த் திட்டத்தை எடுங்கள். ஒரு திரையில்தான் ஓடும், ஆனால் டிவியில் வரும். 149 ரூபாயுடையது போனுக்கும் டேப்லெட்டுக்கும் மட்டும், அதை எடுத்து ஏமாறாதீர்கள். பார்க்க வேண்டியதைப் பார்த்து முடித்ததும் நிறுத்திவிட்டு அடுத்த மாதம் வேறு ஆப் எடுக்கலாம். நிறுத்தினால் உடனே ஒன்றும் அழிந்துவிடாது, திரும்பப் பணம் கட்டினால் அதே கணக்கு திறக்கும். மகள் முகம் கோணும், பரவாயில்லை. பிரைமுக்குக் கட்டிய வருடம் முடியும்வரை பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குள் அமேசானில் எத்தனை பொருள் வாங்கினீர்கள் என்று பார்த்து, டெலிவரிக்காக அது தேவையா என்று முடிவு செய்யலாம். செய்திக்காக எதையும் வாங்க வேண்டாம். தமிழ்ச் செய்திச் சேனல்கள் பெரும்பாலும் யூடியூபில் நேரலையாகவே ஓடுகின்றன.

இதில் ஒரே ஆபத்து ஆட்டோபே. கேபிள்காரர் மாதம் பிறந்தால் வாசலில் வந்து நிற்பார், இந்த மாதம் நாலு நாள் படமே வரவில்லையே என்று நீங்கள் சண்டை பிடிக்கலாம். ஆப்புக்கு அப்படி ஆள் வராது, பணம் தானாகப் போகும். 2021 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி, இப்படி எடுக்கும் முன் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே தகவல் அனுப்ப வேண்டும். அனுப்பத்தான் செய்கிறார்கள், விளம்பர எஸ்எம்எஸ் கூட்டத்தில் அதையும் நாம் தள்ளிவிடுகிறோம். யுபிஐ மூலம் கட்டுகிறீர்கள் என்றால் அந்தப் பேமெண்ட் ஆப்பிலேயே ஆட்டோபே என்ற பகுதி இருக்கும். இன்றைக்கே திறந்து பாருங்கள். யார் போனில், யார் கணக்கில் எதெல்லாம் ஓடுகிறது என்று தெரியும். கணவரின் போனையும் மகளின் போனையும் சேர்த்தே பாருங்கள். நீங்கள் எழுதியதைவிட ஒன்றிரண்டு கூடுதலாக இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

பழைய கேபிள் பெட்டி பரணில் கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதே இணைப்பைத் திரும்ப ஓட்ட முடியுமா என்று கேபிள்காரரிடம் முதலில் கேளுங்கள். புதுப் பெட்டிதான் என்றால், கொடுக்கும் காசுக்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.