குறி விமானத்திலேயே முடிவாகிவிடும்: வட்டக்குடைக் காலம் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: முதல் உலக பாராசூட் போட்டி 1951-இல் யூகோஸ்லாவியாவின் பிளெட் நகரில் நடந்தது என்று படித்தேன். அந்தக் கால வட்டப் பாராசூட் காற்று போன போக்கில்தானே போகும்? குறியில் எப்படி இறங்கினார்கள்?

பதில்: வட்டக்குடையை வெட்டித் தைத்து, திருப்ப வழி கண்டார்கள். அடுத்து வந்த ஆண்டுகளில் அமெரிக்கர்கள் பலர் கையில் இருந்தது சி-9 என்ற ராணுவ உபரிக் குடை. 28 அடி விட்டம், உச்சியிலிருந்து விளிம்புவரை போகும் 28 துணிப் பட்டைகள். பின்பக்கத்தில் சில பட்டைகளின் துணியை எடுத்துவிட்டால், உள்ளே அழுந்தி நிற்கும் காற்று அந்த வழியாகப் பீறிடும். குடை முன்னால் நகரும். முதலில் ஒரு பட்டை, இரண்டு பட்டை என்று திறந்து பார்த்தார்கள். பிறகு 'டபுள் எல்', 'டி-யு' வெட்டுகள் வந்தன. திறப்பு எந்த ஆங்கில எழுத்துப் போல இருந்ததோ அதுவே பெயர். திறப்பின் இரு பக்கமும் ஒவ்வொரு கயிறு கட்டி, நுனியில் பிடி வைத்துக் கைக்கு எட்டும்படி விட்டார்கள். இடது பிடியை இழுத்தால் அந்தப் பக்கத் திறப்பு கோணும், குடை இடப்பக்கம் திரும்பும்.

இன்னொரு நன்மையும் கிடைத்தது. வெட்டாத குடையில் காற்று விளிம்பு வழியாக ஒருமுறை இந்தப் பக்கம், மறுமுறை அந்தப் பக்கம் என்று வழியும், ஆள் ஊஞ்சலாடுவார். பின்னால் நிரந்தர வழி கிடைத்ததும் ஆட்டம் குறைந்தது. ஆனால் வெட்டிய ஓரத்தை மடித்து நாடா வைத்துத் தைக்காமல் விட்டால், குடை விரியும் அதிர்ச்சியில் கிழிசல் மேலே ஓடிவிடும்.

கேள்வி: எந்த இடத்தில் குதிக்க வேண்டும் என்று எப்படிக் கணித்தார்கள்?

பதில்: இதுதான் போட்டியின் உயிர். வட்டக்குடையில் கடைசி நொடிக் கால் வீச்சைவிட, விமானத்திலிருந்து வெளியேறிய இடமே பெரும்பாலும் முடிவைத் தீர்மானித்தது.

கருவி மிக எளியது: ஏறத்தாழ 25 செ.மீ. அகலம், 6 மீட்டர் நீளமுள்ள வண்ணக் க்ரேப் காகிதச் சுருள், ஒரு முனையில் கம்பி. குடை விரியும் உயரத்தில், குறிக்கு நேர் மேலே இதைப் போடுவார்கள். ஆளோடு இறங்கும் குடையின் வேகத்திலேயே இறங்கும்படி கம்பியின் எடை இருக்கும். காகிதம் குறியிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி விழுகிறதோ, அவ்வளவு தூரம் நேர் எதிர்ப்பக்கத்தில் குடை விரிய வேண்டும். அளக்கும் முறை: விமானத்தைக் காற்றுக்கு எதிராக ஓட்டி, கிடக்கும் காகிதத்தின் மேல் வந்ததும் எண்ணத் தொடங்குவார்கள். குறியின் மேல் வரும்போது எட்டு என்றால், அங்கிருந்து மறுபடி எட்டு. வெளியேறியவர் விமானம் போன திசையிலேயே கொஞ்சம் எறியப்படுவார் என்பதால் அதற்கு ஏற்றபடி சற்று முன்னதாகவே குதிக்க வேண்டும்.

கம்பி கனமாக இருந்தால் காகிதம் சீக்கிரம் விழுந்து காற்றைக் குறைத்துக் காட்டும். கம்பி கழன்றுவிட்டால் எங்கோ மிதந்து போய்விடும். சுருள் பிரியாவிட்டால் கல்போல விழும். அந்த அளவை நம்பவே கூடாது, இன்னொன்று போட வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். இறங்கும் வேகம் நொடிக்கு 5.5 மீட்டர், விரியும் உயரம் 660 மீட்டர். ஆக 120 நொடி. காற்று நொடிக்கு 5 மீட்டர் என்றால் தள்ளல் 600 மீட்டர். குடையின் சொந்த வேகம் 4 மீட்டர் என்று வையுங்கள். காற்றோடு ஓடினால் நிலத்தின் மேல் 9 மீட்டர், காற்றை எதிர்த்து நின்றால் வெறும் 1 மீட்டர், அதுவும் பின்னோக்கி. பாதி உயரமான 330 மீட்டரில் குறியிலிருந்து 300 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். 200 மீட்டரில்தான் இருக்கிறார் என்றால் காற்றை எதிர்த்து நிறுத்த வேண்டும். 400 மீட்டரில் இருந்தால் ஓட வேண்டும். அந்த உயரத்தில் 60 மீட்டரிலிருந்து 540 மீட்டர் வரை எங்கே இருந்தாலும் குறியை எட்ட முடியும். 22 மீட்டர் உயரத்திலோ மீதி 4 நொடிதான். 16 மீட்டர் பிழைக்கு மேல் எதையும் திருத்த முடியாது. உயரம் குறையக் குறைய, குறியை எட்டக்கூடிய பரப்பு கூம்பு போல ஒடுங்குகிறது. ஆகவே பாதி உயரத்தில் கீழே பார்க்காதவர் குறியைப் பிடிப்பது அரிது.

கேள்வி: குடையை நீண்ட துணி உறைக்குள் வைத்து மடித்தது ஏன்?

பதில்: கயிறு முதலில், துணி பிறகு என்ற வரிசைக்காக. 'ஸ்லீவ்' எனப்படும் அந்த உறையின் வாயை, ரப்பர் வளையங்களில் மடித்துச் செருகிய கயிறுகளே பூட்டி வைத்திருக்கும். 'பைலட் சூட்' எனப்படும் சிறு துணைக்குடை உறையை மேலே இழுக்கும். கயிறுகள் முழுவதும் நீண்ட பிறகே வாய் திறக்கும். உறை இல்லாவிட்டால் குடை முதலில் காற்றைப் பிடித்து ஆளை உலுக்கிவிடும். கயிறு குடையின் மேல் ஏறிக்கொள்ளும் ஆபத்தும் கூடும்.

கேள்வி: தரையில் எதை, எப்படி அளந்தார்கள்?

பதில்: உடம்பின் எந்தப் பகுதி முதலில் பட்டதோ, அந்த இடத்திலிருந்து குறியின் நடுவில் வைத்த தட்டுவரை நாடா வைத்து அளந்தார்கள். வெகுகாலம் தட்டின் விட்டம் 10 செ.மீ.; இன்று 2 செ.மீ. தட்டைச் சுற்றி உருண்டைக் கூழாங்கல் பரப்பிய குழி. கல் உருண்டையாக இருந்தால்தான் குதிகாலுக்கு அடியில் நகர்ந்து அடியை வாங்கிக்கொள்ளும். ஒவ்வொரு குதிப்புக்குப் பிறகும் வாரியால் சமன் செய்யாவிட்டால் முந்தைய குழிவும் புதிய தடமும் குழம்பிவிடும்.

தட்டை எட்ட ஒரு காலை நீட்டி, குதிகாலைக் கீழே செலுத்துவார்கள். அந்த நேரத்தில் உடம்பு உட்கார்ந்த நிலைக்குப் போவதால் வால் எலும்பில் அடி விழும். குதிகாலில் விழும் அடியை வாங்கிக்கொள்ளும் என்பதால், தடித்த அடிப்பாகம் கொண்ட பிரெஞ்சு பூட்ஸுக்கு மதிப்பு இருந்தது. காற்று பலமாக இருந்தால் விழுந்த பிறகும் குடை இழுத்துக்கொண்டு போகும். தோள்பட்டையில் இருக்கும் கேப்வெல் கொக்கிகளின் மூடியைத் திறந்து, பூட்டை விடுவித்துக் குடையைக் கழற்ற வேண்டும். கையுறையோடு இதைத் தரையில் பலமுறை பழகியிருக்க வேண்டும்.

கேள்வி: வெட்டிய குடைகளின் காலம் எப்போது முடிந்தது?

பதில்: பிரான்சின் பியர் லெமுவான் வடிவமைப்பை வைத்து அமெரிக்காவின் பயனியர் நிறுவனம் 1964-இல் பாரா-கமாண்டர் என்ற குடையைக் கொண்டுவந்ததும் அந்த முடிவு தொடங்கியது. உச்சியை நடுக் கயிறுகள் கீழே இழுத்து வைத்திருக்கும். பின்னால் பல பிளவுகள், பக்கவாட்டில் நிலைநிறுத்தும் துணிகள். திருப்பம் விரைவானது, முன்னேற்றமும் கூடியது. ஆனாலும் அது வட்டக்குடைதான். காற்று பலமாக வீசினால் பின்னோக்கிப் போகும். தோளுக்கு மேல் திரும்பித் திரும்பி முதுகுப்பக்கத் தட்டைப் பார்த்தபடி இறங்கும் அந்தச் சிரமம் தீர்ந்தது டொமினா ஜால்பர்ட் உருவாக்கிய, அறைகளில் காற்று நிரம்பி இறக்கை போல நிற்கும் காற்றறைக் குடைகள் 1970-களில் போட்டிக்கு வந்தபோதுதான். அவற்றின் முன்வேகம் காற்றைவிட அதிகம். எனவே காற்றை எதிர்த்து, தட்டைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, இரு பிடிகளையும் ஆழமாக இழுத்துச் செங்குத்தாக இறங்க முடிந்தது. மிக ஆழமாக இழுத்தால் மட்டும் குடை தூக்கும் சக்தியை இழந்து, ஆள் பின்பக்கமாகச் சரிந்து விழுவார்.