மரத்துக்கு எதற்கு ஸ்வெட்டர்?

அன்புள்ள அக்கா,

தெருவோரக் கலை பற்றிய உங்கள் கட்டுரையில், மரங்களுக்கும் கம்பங்களுக்கும் நூல் பின்னலைப் போர்த்திவிட்டுப் போகிற ‘யார்ன் பாம்பிங்’ பற்றி ஒரு வரி மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். அந்த ஒரு வரிதான் இப்போது எங்கள் வீட்டில் விவாதம்.

நான் ஒரு பின்னல் குழுவில் இருக்கிறேன். வாரம் ஒருமுறை கூடுவோம். குழந்தைத் தொப்பி, மஃப்ளர், போர்வை என்று பின்னி ஆதரவற்றோர் இல்லங்களுக்குக் கொடுப்பது வழக்கம். இந்த முறை பூங்காவில் ஒரு மரத்துக்கும் ஒரு பெஞ்சுக்கும் பின்னலாடை போடலாம் என்று ஒருவர் சொல்ல, எல்லோருக்கும் உற்சாகம் பிய்த்துக்கொண்டு போகிறது. கல்லூரியில் படிக்கும் என் மகனோ, “குளிரில் நடுங்குகிற மனிதர்கள் இருக்கும்போது மரத்துக்கு எதற்கு ஸ்வெட்டர்? மரத்துக்கும் அது கெடுதல்” என்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆசையும் இருக்கிறது, உறுத்தலும் இருக்கிறது. ஒற்றைக் கொக்கி ஊசியால் பின்னுகிற குரோஷா எனக்கு நன்றாக வரும். இரட்டை ஊசிப் பின்னல் இன்னும் தட்டுத்தடுமாறித்தான். நான் இதில் சேரலாமா?

ஒரு வாசகி

*

அன்புள்ள தோழி,

தாராளமாகச் சேருங்கள். உங்கள் மகன் இரண்டு கேள்விகளை ஒன்றாக முடிச்சுப்போட்டுக் கேட்டிருக்கிறார். மரத்துக்குக் கெடுதலா என்பது நல்ல கேள்வி, அதற்குக் கடைசியில் வருகிறேன். குளிரில் நடுங்குகிறவர்களைப் பற்றிய கேள்விதான் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

மாலை முழுவதும் கைப்பேசியில் விளையாடுகிறவரிடம் “இந்த நேரத்தில் ஏழைகளுக்கு ஏதாவது செய்யலாமே” என்று யாரும் கேட்பதில்லை. பின்னுகிற பெண்ணிடம் மட்டும் கேட்பார்கள். பின்னல் என்றால் யாருக்காவது உபயோகப்பட்டே ஆக வேண்டும் என்பது அவ்வளவு ஆழமாகப் பதிந்துவிட்டது. முதல் உலகப்போரில் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் வீரர்களுக்கு சாக்ஸ், மஃப்ளர், ஸ்வெட்டர் பின்னித் தரச் சொல்லி மாதிரிக் குறிப்புகளை அச்சடித்துக் கொடுத்தது. ஊர் ஊராகப் பின்னினார்கள். இரண்டாம் போரிலும் அதே கதை. போர் இல்லாத நாளில் பிள்ளைக்கு, பேரனுக்கு, இல்லத்துக்கு. இதையெல்லாம் நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஊசிகளுக்கு விடுமுறை என்பதே கிடையாது, பாருங்கள். யார்ன் பாம்பிங் அந்த விடுமுறை. யாருக்கும் தேவையில்லாத ஒன்றை, யாரும் கேட்காத இடத்தில், சிரிப்பதற்காக மட்டும் பின்னுவது. அதற்குச் சமாதானம் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை என்பது என் கட்சி.

ஆரம்பமும் அப்படி ஒரு விளையாட்டுதான். 2005இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் மாக்டா சாயெக் என்ற பெண் தன் கடையின் கதவுக் கைப்பிடிக்கு ஒரு சின்ன உறை பின்னி மாட்டினார். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள், உள்ளே வந்து இது என்ன என்று கேட்டார்கள். அடுத்ததாக, அருகிலிருந்த ‘ஸ்டாப்’ பலகையின் கம்பத்துக்கு ஓர் உறை. அதற்குப் பிறகு ‘நிட்டா’ என்று ஒரு குழுவே சேர்ந்தது. ராப் பாடகர்களைக் கிண்டல் செய்கிற மாதிரி புனைபெயர்கள் வேறு: ஒருவர் பாலிகாட்டன், இன்னொருவர் ஆக்ரிலிக், இரண்டும் நூல் வகைகளின் பெயர்கள். இரவில் சுவரில் ஸ்ப்ரே அடிக்கிற இளைஞர்களின் வீறாப்பையெல்லாம் எடுத்துக்கொண்டு, கையில் மட்டும் உல்லன் உருண்டை. 2008இல் மெக்சிகோ நகரில் சாயெக் ஒரு பேருந்துக்கே உறை போட்டுவிட்டார்.

இதில் எனக்குப் பிடித்த சங்கதி அந்தக் கம்பம்தான். எத்தனையோ வருஷமாக அங்கேயே நிற்கிற இரும்புக் கம்பத்தை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அதற்கு ஒரு சட்டை போட்டதும் நின்று தொட்டுப் பார்க்கிறார்கள். சுவரோவியத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. பின்னலைக் கண்டால் கை தானாகப் போகிறது.

சரி, உங்கள் குழுவுக்கு வருவோம். ‘எல்லோருக்கும் உற்சாகம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஏன் என்று யோசித்தீர்களா? தானத்துக்குப் பின்னும்போது ஒரு தரம் வேண்டியிருக்கிறது. தொப்பி அளவாக இருக்க வேண்டும், கண்ணி விட்டுப்போகக் கூடாது, குழந்தையின் தோலில் குத்தாத நூலாக இருக்க வேண்டும். புதிதாக வந்தவர் ஒரு மூலையில் உட்கார்ந்து பின்னுவதும் உருவுவதுமாக இருப்பார். நன்றாகப் பின்னுகிற இரண்டு மூன்று பேர் அதிகாரிகள் மாதிரி ஆகிவிடுவார்கள் (எல்லாக் குழுவிலும் உண்டு, உங்கள் குழுவிலும் இருப்பார்கள்). மரத்துக்கு என்று வந்துவிட்டால் இந்தப் படிநிலை கலைந்துவிடும். முதல் நாள் ஊசி பிடித்தவர் பின்னிய கோணல் சதுரமும், முப்பது வருஷம் பின்னியவரின் கயிறு முறுக்கினாற்போன்ற கேபிள் பின்னலும் பக்கத்துப் பக்கத்தில் தைக்கப்படும். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் கோணல் கண்ணுக்கே தெரியாது. கிட்டே போய்ப் பார்த்தால் அந்தக் கோணல்தான் அழகாக இருக்கும்.

நூலும் அப்படித்தான். பின்னுகிற யார் வீட்டிலும் ஒரு பெட்டி இருக்கும். பாதியில் விட்ட ஸ்வெட்டரின் முதுகு, கண்ணி அளவு பார்க்கப் பின்னிய சோதனைச் சதுரங்கள், எதற்கும் போதாத கால் உருண்டைகள், தள்ளுபடியில் வாங்கி யாருக்கும் பிடிக்காமல் போன பச்சை. இல்லத்துக் குழந்தைக்கு இவற்றைக் கொடுக்க முடியாது. கம்பத்துக்குச் சுற்ற முடியும். “நூல் வீண்” என்று மகன் மறுபடி சொன்னால் அந்தப் பெட்டியைத் திறந்து காட்டுங்கள்.

அப்புறம் பேச்சு. பின்னல் குழுவில் கண் கையில் இருப்பதால் மௌனம் யாரையும் நெளிய வைப்பதில்லை. பேசலாம், பேசாமலும் இருக்கலாம். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத விஷயங்கள் வரிசை எண்ணிக்கொண்டிருக்கும்போது சாதாரணமாக வெளியே வந்துவிடும். பொது இடத்தில் உட்கார்ந்து பின்னுவதற்கென்றே 2005 முதல் ஜூன் மாதத்தில் உலக அளவில் ஒரு நாள் வைத்திருக்கிறார்கள். வீட்டு நாற்காலியில் தனியாகச் செய்கிற வேலையை நாலு பேர் நடுவில் கொண்டுவந்து வைப்பது, அவ்வளவுதான். யார்ன் பாம்பிங் அதற்கு அடுத்த படி. 2011இல் ஒரு கனடாக்காரரின் யோசனையில் அதற்கும் சர்வதேச நாள் வந்தது, ஜூன் 11.

இனி பெரிய வேலைகள். 2006இல் டென்மார்க்கைச் சேர்ந்த மரியான் யோர்கென்சன் என்ற கலைஞர், ஈராக் போரில் தன் நாடு பங்கெடுத்ததை எதிர்த்து, இரண்டாம் உலகப்போர் காலத்து டாங்கி ஒன்றைக் கோபன்ஹேகனில் நிறுத்தி, பீரங்கிக் குழாய் முதல் சக்கரம் வரை இளஞ்சிவப்புப் போர்வையால் மூடினார். பதினைந்து சென்டிமீட்டர் சதுரங்கள், 4,000க்கும் மேல். பல நாடுகளிலிருந்து முகம் தெரியாத தன்னார்வலர்கள் பின்னி அனுப்பியவை. போரை எதிர்த்து எத்தனையோ பதாகைகள் வந்திருக்கின்றன, அவற்றில் பலவும் மறந்துபோயின. அந்த டாங்கியின் படம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. பீரங்கிக்குக் குழந்தைப் போர்வை போட்டால் பிறகு அதைப் பார்த்து பயப்படுவது கஷ்டம்.

உங்கள் மகனுக்குக் காட்ட வேண்டிய உதாரணம் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க். 2013 ஆகஸ்டில் அந்த நகரத்தின் ஆண்டி வார்ஹோல் பாலம் முழுவதையும் பின்னலால் அலங்கரித்தார்கள். போர்வை அளவுத் துண்டுகள் ஐந்நூறுக்கும் மேல், பின்னியவர்கள் ஆயிரத்துக்கும் மேல். அனுமதி வாங்கித்தான் செய்தார்கள். பாலமாயிற்றே, அனுமதி இல்லாமல் ஏற முடியுமா? சில வாரங்கள் கழித்து இறக்கித் துவைத்து, வீடற்றோர் காப்பகங்கள் போன்ற இடங்களுக்குக் கொடுத்தார்கள். அடுத்த வருஷம் இங்கிலாந்தில் அணு ஆயுதத்துக்கு எதிராக ஏழு மைல் நீள இளஞ்சிவப்பு மஃப்ளரை இரண்டு ஆயுதத் தளங்களுக்கு இடையே நீட்டிப் பிடித்தார்கள். அதுவும் பின்பு போர்வைகளானது. மரத்துக்குப் பின்னுகிறவர் ஒரு கட்சி, மனிதருக்குப் பின்னுகிறவர் வேறு கட்சி என்று நினைத்துக்கொள்வதுதான் தவறு. இரண்டும் ஒரே கைகள். உங்களையே பாருங்களேன்.

எல்லாமே எனக்குப் பிடிக்கும் என்றும் நினைக்காதீர்கள். 2010 டிசம்பரில் ஓலெக் என்ற கலைஞர் நியூயார்க்கின் வால் ஸ்ட்ரீட் காளைச் சிலைக்குக் குரோஷாவில் உடம்பு முழுக்கச் சட்டை போட்டார். சில மணி நேரத்தில் கிழித்து எடுத்துவிட்டார்கள். வேலைப்பாடு பிரமாதம், ஆனால் அதில் ஒரு நட்சத்திரத் தோரணை இருக்கிறது. இங்கிலாந்தில் சிவப்பு தபால் பெட்டிகளின் தலையில் யாரோ பின்னி வைத்துவிட்டுப் போகிற சின்னத் தொப்பிகள்தான் என் ரசனைக்கு. அதே நாட்டில் சால்ட்பர்ன் என்ற கடற்கரை ஊரின், கடலுக்குள் நீளும் பாலத்தில் 2012 ஒலிம்பிக்ஸ் சமயத்தில் நீளமான பின்னல் ஒன்று தோன்றியது. அதன்மேல் வரிசையாகக் குட்டிக் குட்டி விளையாட்டு வீரர்கள். யார் செய்தது என்று சொல்லாமலே வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். விளம்பர நிறுவனங்கள் காசு கொடுத்துக் காரைச் சுற்றச் சொல்வதில் எனக்கு ஆர்வமே இல்லை. அது வேலை, விளையாட்டில்லை.

மரத்தின் விஷயத்தில் உங்கள் மகன் பக்கம் நியாயம் இருக்கிறது. சில வாரங்கள் போர்த்தி எடுத்தால் வளர்ந்த மரத்துக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. மறந்து விட்டுவிடுவதில்தான் ஆபத்து. மழை ஈரம் பட்டைக்கும் நூலுக்கும் நடுவே தேங்கும், பூச்சி குடியேறும், மரம் பருக்கும்போது இறுகக் கட்டிய இடம் வெட்டும். அவிழ்ந்து தொங்கும் இழையில் பறவையின் கால் சிக்கும். ஆணி, ஸ்டேப்ளர் எதுவும் கூடாது. அதே நூலால் மரத்தின் மேலேயே வைத்துத் தைக்க வேண்டும். இளங்கன்றுகளைத் தொடாதீர்கள், கூடு இருக்கிற மரத்தையும். ஆக்ரிலிக் நூல் மக்காது, நுண்ணிய பிளாஸ்டிக் இழைகளாக உதிரும். நல்ல கம்பளி நனைந்து உரசி இறுகும், பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனத்துத் தொங்கும். பெட்டியில் மிச்சம் இருப்பது பெரும்பாலும் ஆக்ரிலிக்காகத்தான் இருக்கும். அதையே பயன்படுத்துங்கள், ஆனால் சாயம் போய் உதிர ஆரம்பிக்கும் முன் கழற்றிவிடுங்கள். நனைந்து, அழுக்கேறி, பாதி அவிழ்ந்து தொங்குகிற பின்னலைவிட அசிங்கமான காட்சி பூங்காவில் வேறு இல்லை. மாட்டுகிற அன்று நிறையப் பேர் வருவார்கள், கழற்றுகிற அன்று யாரும் வர மாட்டார்கள். அதனால் கழற்றும் தேதியையும் பொறுப்பாளரையும் முதலிலேயே எழுதி வைத்துவிடுங்கள்.

பூங்கா நிர்வாகத்திடம் கேட்டுவிடுவதும் நல்லது. பல ஊர்களில் அனுமதி இல்லாமல் பொதுச்சொத்தில் எதை மாட்டினாலும் குப்பை போட்டதாகவோ சேதப்படுத்தியதாகவோதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். ரகசியமாகச் செய்தால்தான் திரில் என்று உங்கள் குழுவில் யாராவது சொல்வார்கள். மரத்தில் ஏணி சாய்த்து ஒரு மணி நேரம் தைப்பதில் ரகசியம் எங்கே வந்தது?

அளவு பற்றிச் சுருக்கமாக. மரத்தின் சுற்றளவு 90 சென்டிமீட்டர் என்றால் பின்னலை 80க்கு வைத்துக்கொள்ளுங்கள். இழுத்துத் தைத்தால்தான் நிற்கும், இல்லையென்றால் மழை பெய்ததும் ரப்பர் போன சாக்ஸ் மாதிரி கீழே வழிந்துவிடும். நடுத்தர நூலில் பத்து சென்டிமீட்டருக்குப் பதினெட்டுக் கண்ணி வந்தால், 20 சென்டிமீட்டர் அகலப் பட்டைக்கு 36 கண்ணி. ஒரு மீட்டர் நீளத்துக்கு நான்கு பட்டைகளை நாலு பேர் பிரித்துக்கொள்ளலாம். எல்லா வரிசையையும் நேர்க்கண்ணியாகவே போடுங்கள், ஓரம் சுருளாது.

குரோஷா மட்டும் வரும் என்பதைக் குறையாகச் சொல்கிறீர்கள். இந்த வேலைக்கு அதுதான் வசதி. ஊசிப் பின்னலில் ஒரு வரிசைக் கண்ணிகளும் ஊசியில் காத்திருக்கும், ஒன்று நழுவினால் கீழே வரை ஓடும். குரோஷாவில் ஒரு சமயத்தில் ஒரே ஒரு கண்ணிதான் திறந்திருக்கிறது. பெஞ்சின் கால் மாதிரி வளைந்த இடத்தில் அங்கேயே உட்கார்ந்து கூட்டிக் குறைத்துப் பின்னலாம். நூல் கொஞ்சம் அதிகம் பிடிக்கும், அவ்வளவுதான். நடுவிலிருந்து சுற்றிச் சுற்றி வளர்கிற கிரானி ஸ்கொயர் சதுரம் போடத் தெரியும் அல்லவா? பெஞ்சின் கால்களையும் முதுகுச் சட்டங்களையும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். உட்காரும் பலகையை விட்டுவிடுங்கள், ஒரு தூறலுக்குப் பிறகு அதில் யாரும் உட்கார முடியாது. கைப்பிடியையும் விட்டுவிடுங்கள். முழங்கால் வலியோடு அதை ஊன்றி எழுந்திருக்கிறவர்களுக்குப் பின்னல் வழுக்கும்.

அன்புடன்