பில்லில் நிகர எடை இருக்கிறதா?

நிச்சயதார்த்தத்துக்கு ஒற்றைக்கல் வைர மோதிரம் வாங்கப் போனோம். நாங்கள் கேட்டது 22 காரட், கடைக்காரர் 18 காரட்தான் எடுக்கச் சொல்கிறார். ஏமாற்றுகிறாரா? (திருச்சி)

இல்லை, சரியாகத்தான் சொல்கிறார். 22 காரட்டில் 91.6 சதவீதம் தங்கம், அதனால் மென்மை அதிகம், கல்லைப் பிடிக்கும் நகங்கள் எங்காவது இடித்தால் வளைந்துவிடும். 18 காரட்டில் தங்கம் 75 சதவீதம், மீதி வேறு உலோகங்கள், பிடிப்பு கெட்டி. என் தம்பி நிச்சயத்தில் பெண்ணுக்குப் போட நான்தான் பிடிவாதமாக 22 காரட் வாங்கினேன். எட்டாவது மாதம் பாத்திரம் தேய்க்கும்போது கல் விழுந்துவிட்டது, வெறும் மோதிரத்தோடு அந்தப் பெண் பயந்துபோய் நின்றதை மறக்க முடியவில்லை. 18 காரட்டே எடுங்கள், ஆனால் விலையும் 18 காரட் விலையாக இருக்கட்டும். மோதிரத்தில் 750 முத்திரையும் எழுத்தும் எண்ணும் கலந்த 6 இலக்க ஹெச்யூஐடி எண்ணும் (ஒவ்வொரு நகைக்கும் உள்ள தனி அடையாள எண்) இருக்கும், அந்த எண்ணைக் கடையிலேயே இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பாருங்கள்.

ஒயிட் கோல்டு மோதிரம் ஒன்றரை வருஷத்தில் மஞ்சளடிக்கிறது. போலியா? (கோவை)

போலி என்று சொல்ல முடியாது. மேலே பூசிய ரோடியம் என்ற வெள்ளை உலோகம் தேய்ந்திருக்கிறது, மறுபடி பூசினால் வெள்ளையாகிவிடும். விற்கும்போதே இதைச் சொல்லாதது கடையின் தப்பு. பிளாட்டினம் மஞ்சளாகாது, ஆனால் கீறல் விழும், அதே அளவு மோதிரம் எடையும் கூடுதலாக வரும்.

மாப்பிள்ளைக்குச் சிவப்புக்கல் மோதிரம் போட்டோம், 6 கிராம். அவசரத்துக்கு அடகு வைக்கப் போனால் கல்லைக் கழித்து 4.2 கிராம்தான் என்கிறார்கள். பில்லில் 6 கிராமுக்கும் தங்க விலை, கல்லுக்குத் தனி விலை. (மதுரை)

அம்மா, உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. இந்தக் கல் எடை விஷயத்தைப் பல வருஷமாகச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. அடிப்பக்கம் மூடிக் கல் பதித்த கட்டு என்றால் கல்லோடு அரக்கும் இருக்கும், அவ்வளவையும் தங்கமாக நிறுத்து விற்கிறார்கள். அதோடு நிற்பதில்லை, சேதாரத்தையும் மொத்த எடைக்கே போடுகிறார்கள். 12 சதவீதம் என்று வையுங்கள், 4.7 கிராமுக்குக் கொடுக்க வேண்டிய இடத்தில் 6.72 கிராமுக்குக் கொடுத்திருப்பீர்கள். அரை காரட் வைரம் 0.1 கிராம்தான், அதில் பெரிய நஷ்டம் வராது. வண்ணக்கல்லில்தான் கொள்ளை. ஹால்மார்க் நகையின் பில்லில் தங்கத்தின் நிகர எடை, தூய்மை, ஹால்மார்க் கட்டணம் எல்லாம் தனித்தனியாக இருந்தே ஆக வேண்டும், இது விதி. பில் நகலோடு கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்யுங்கள். அதிலும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 வருஷத்துக்குள் போக வேண்டும், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரைக்கும் என்றால் புகார்க் கட்டணம் கிடையாது. விட்டுவிடாதீர்கள்.

தெரிந்தவர் கடை, வரி மிச்சம் என்று பில் வாங்கவில்லை. இப்போது கல் ஆடுகிறது, கடைக்காரர் கைவிரிக்கிறார். (சென்னை)

3 சதவீதத்துக்காக இருந்த ஒரே அத்தாட்சியை விட்டுக்கொடுத்துவிட்டீர்கள். எத்தனை தடவை எழுதுவது? வேறு ஆசாரியிடம் காசு கொடுத்து நகங்களை இறுக்கிக்கொள்ளுங்கள்.

1.8 கிராம் மோதிரத்தில் ஹால்மார்க் இல்லை. (தஞ்சாவூர்)

2 கிராமுக்குக் குறைந்தால் கட்டாயமில்லை.

பெண் நர்ஸ். எந்தக் கட்டு நல்லது? (வேலூர்)

நகம் வைத்து உயர்த்திய கட்டு வேண்டாம், கையுறையைக் கிழிக்கும். கல்லைச் சுற்றி முழு விளிம்பு வைத்த, விரலோடு தாழ்ந்து உட்காரும் பெசல் கட்டு எடுங்கள். விரல் அளவைச் சாயங்காலம் எடுங்கள், காலையில் விரல் கொஞ்சம் மெலிந்திருக்கும்.