கேட்டலினாவில் போட்டோஷாப் சிஎஸ்6: நிறுவியே திறக்கவில்லை

மேக்கின் இயங்குதளமான மேக்ஓஎஸ் கேட்டலினாவில் (10.15) போட்டோஷாப் சிஎஸ்6-ஐ நிறுவ முடியாது. டிவிடியில் கோளாறு இல்லை, திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டாம்.

போட்டோஷாப் 64 பிட்தான். ஆனால் அதன் நிறுவி (இன்ஸ்டாலர்) 32 பிட். 32 பிட் நிரல்களை ஓடவிட்ட கடைசி மேக்ஓஎஸ் மொஹாவே (10.14). ஃபைண்டரில் நிறுவியின் ஐகானைப் பாருங்கள்: மேலே குறுக்குக் கோடு போட்ட வட்டம் இருந்தால் இதுதான் காரணம்.

கேட்டலினாவை அழிக்காமலே மொஹாவேயைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்:

1. முதலில் பேக்கப்.
2. டிஸ்க் யுடிலிட்டியில் + அழுத்தி புதிய ஏபிஎஃப்எஸ் வால்யூம் (டிஸ்க்கில் ஒரு தனிப் பகுதி) ஒன்று சேருங்கள். அளவு ஒதுக்க வேண்டாம், இடத்தை இரண்டும் பகிர்ந்துகொள்ளும்.
3. 16 ஜிபி பென் டிரைவில் மொஹாவே பூட் டிஸ்க் (மேக்கைத் தொடங்கி நிறுவ உதவும் டிஸ்க்) தயாரித்து, ஆப்ஷன் விசையை அழுத்தியபடி மேக்கைத் தொடங்கி, அந்த வால்யூமில் நிறுவுங்கள். டி2 சிப் (ஆப்பிளின் பாதுகாப்பு சிப்) உள்ள மேக் என்றால், கமாண்ட்+ஆர் அழுத்தித் தொடங்கி, ஸ்டார்ட்டப் செக்யூரிட்டியில் வெளி டிரைவிலிருந்து பூட் ஆக அனுமதி கொடுத்தாக வேண்டும். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

கேட்டலினாவோடு வெளிவந்த மேக்குகளில் (16 அங்குல மேக்புக் புரோ போல) மொஹாவே ஏறாது. எம்1 சிப் உள்ள மேக்குகளுக்கும் இந்த வழி இல்லை. கேட்டலினாவின் போட்டோஸ் லைப்ரரியை மொஹாவேயில் திறக்கவும் முடியாது. வேண்டிய படங்களைத் தனி ஃபோல்டருக்கு எக்ஸ்போர்ட் செய்துகொள்ளுங்கள்.