கையில் 210 மணி நேரம் இருக்கிறது, விமானப்படை எடுத்துக்கொள்ளுமா?

கேள்வி: எனக்கு வயது 24 முடிந்து 4 மாதம். பி.எஸ்சி. இயற்பியலில் 64 சதவீதம். செஸ்னா 172 சிறு விமானத்தில் 210 மணி நேரம் பறந்து, சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ தரும் சிபிஎல் (வணிக விமானி உரிமம்) வாங்கிவிட்டேன். ஏர்லைன்ஸ் வேலை அமையவில்லை. இந்திய விமானப்படையில் பைலட் ஆக முடியுமா? பறந்த நேரம் பயிற்சியில் கழியுமா? கல்லூரி முதலாண்டு படிக்கும் என் தம்பியும் இதற்காக சிபிஎல் எடுக்கட்டுமா?
- வாசகர், திருச்சி

பதில்: சேர வழி இருக்கிறது. ஆனால் ஒரு மணி நேரம்கூடக் கழியாது. விமானப்படையின் துண்டிகல் பயிற்சி அகாடமியில் நீங்களும், காக்பிட்டையே பார்க்காத இன்னொருவரும் ஒரே இடத்திலிருந்துதான் தொடங்குவீர்கள்.

சிபிஎல்லால் கிடைப்பது வயதுச் சலுகை: பறக்கும் பிரிவின் உச்சவரம்பு 24-லிருந்து 26 ஆகிறது. உரிமம் நடப்பில் இருக்க வேண்டும். அதற்குத் தேவையான கிளாஸ் 1 மருத்துவச் சான்று உங்கள் வயதில் 12 மாதம்தான் செல்லும். வேலைதான் இல்லையே என்று அதைக் காலாவதியாக விட்டுவிடாதீர்கள்.

வயதைக் கணக்கிடுவது பயிற்சி தொடங்கும் நாளில். விமானப்படையின் நுழைவுத் தேர்வான ஏஎஃப்கேட்டின் அறிவிப்பிலிருந்து பயிற்சி தொடங்க ஏறக்குறைய 13 மாதம் ஆகும். இப்போது வரும் அறிவிப்புக்கு விண்ணப்பித்தால் அன்று உங்களுக்கு 25 வயது 5 மாதம். ஆறு மாதம் கழித்து வருவதற்கு என்றால் 25 வயது 11 மாதம். இந்த இரண்டோடு சரி. 25 முடியும்வரை கல்யாணமும் கூடாது, பயிற்சிக் காலத்திலும் கூடாது. வீட்டில் இப்போதே சொல்லி வையுங்கள்.

சிபிஎல்காரர்கள் அதிகம் ஏமாறுவது மருத்துவத்தில். கண்ணாடி போட்டே கிளாஸ் 1 வாங்கலாம். படையின் பறக்கும் பிரிவில் கிட்டப்பார்வைக்கு இடமில்லை. உயரம் 162.5 செ.மீ. இருந்தாலும் போதாது, காலின் நீளம் 99 முதல் 120, தொடை நீளம் 64-க்குள், உட்கார்ந்த உயரம் 81.5 முதல் 96 செ.மீ. இருக்க வேண்டும். இஜெக்‌ஷன் சீட் ஆளைத் தூக்கி எறியும்போது முழங்கால் எதிலும் இடிபடக் கூடாது, முதுகெலும்பும் அந்த உதையைத் தாங்க வேண்டும். அதனால்தான் முதுகுக்கு எக்ஸ்ரேயும் உண்டு. பணம் கட்டிக் கோச்சிங் சேருமுன் ஒரு டேப்பை எடுத்து அளந்து பார்த்துவிடுங்கள்.

எழுத்துத் தேர்வுக்குப் பின் வரும் நேர்முகத் தேர்வான எஸ்எஸ்பி-யில் பைலட்டுகளுக்கென்று சிபிஎஸ்எஸ் என்ற கணினித் தேர்வு இருக்கிறது. வாழ்நாளில் ஒரே வாய்ப்பு. தவறினால் பறக்கும் பிரிவு முடிந்தது. ‘நான் நிஜ விமானமே ஓட்டியவன்’ என்று விளக்கவுரையைக் காதில் வாங்காமல் உட்காராதீர்கள். அந்தத் தேர்வுக் கருவி செஸ்னா அல்ல.

அகாடமியில் மறக்க வேண்டியது நிறைய. செஸ்னாவில் இடது கையில் யோக் (விமானத்தைத் திருப்பும் பிடி), வலது கையில் த்ராட்டில் (இன்ஜின் வேகத்தை மாற்றும் நெம்புகோல்). அகாடமியின் பயிற்சி விமானமான பிலாட்டஸ் பிசி-7-ல் வலது கையில் ஸ்டிக், இடது கையில் த்ராட்டில். பயிற்றுநர் பக்கத்தில் இல்லை, பின்னால். 700 குதிரைத்திறன் டர்போப்ராப் இன்ஜின் என்பதால், டேக்-ஆஃபில் ரட்டரை (வால் சுக்கானை) மறந்தால் மூக்கு பக்கவாட்டில் ஓடிவிடும். தரையிறங்கும்போது பேஸ் லெக், ஃபைனல் என்று இரண்டு நேர்கோடுகளாகச் சதுரமாக வராமல், ஒரே வளைவாகத் திரும்பி ஓடுபாதைக்கு வருவார்கள். செக்லிஸ்ட் வாசித்துப் பழகிய நீங்கள் அவசரகாலச் செயல்களை வரிக்கு வரி மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். ரேடியோ பேச்சும் வானிலைப் பாடமும் மட்டும் உங்களுக்கு எளிதாக இருக்கும். அந்த எளிமையே ஆபத்து: முதல் சில வாரம் முந்திச் செல்பவர் பழைய பழக்கத்தை விடாமல் பின்தங்குவதுண்டு. பறத்தலில் தேறாமல் நிறுத்தப்பட்டவர் மறுபடி பறக்கும் பிரிவுக்கு விண்ணப்பிக்க முடியாது.

தம்பிக்கு சிபிஎல் வேண்டாம். பல லட்சம் செலவழித்து அவர் வாங்குவது தேவையே இல்லாத இரண்டு வருடத்தை. பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல் இரண்டிலும் தனித்தனியே 50 சதவீதம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பக்கத்தில் என்சிசி ஏர் விங் இருக்கிறதா என்று விசாரித்துச் சேரச் சொல்லுங்கள். ‘சி’ சான்றிதழ் வாங்கினால் எழுத்துத் தேர்வு இல்லாமல் நேராக எஸ்எஸ்பி-க்குப் போகும் என்சிசி சிறப்பு நுழைவு அவருக்குத் திறக்கும்.