சிங்கப்பூரில் 1 காசு போய்விட்டது. 5 காசு நாணயத்தையும் நிறுத்திவிடலாமா?

நிறுத்தலாம். ஆனால் ரொக்கமாகக் கொடுப்பவரிடம், 2.95 என்றால் 2.90 என்று, எப்போதும் குறைத்தே வாங்க வேண்டும் என்று முதலில் விதி எழுதட்டும். அந்த விதி இல்லாமல் நாணயத்தை மட்டும் எடுத்தால் நான் எதிர்ப்பேன்.

1 காசு வெளியிடுவதை 2002ல் நிறுத்தினார்கள். அதில் யாருக்கும் பெரிய இழப்பு வர வாய்ப்பில்லை. மலேசியா 2008 ஏப்ரலில் 1 சென் நாணயத்தைக் கைவிட்டபோது வைத்த முறையைப் பாருங்கள்: மொத்தம் 1, 2 என முடிந்தால் குறைப்பார்கள், 3, 4 என முடிந்தால் 5 ஆக்குவார்கள். பல தடவை கடைக்குப் போனால் கூடுவதும் குறைவதும் ஏறக்குறைய சரியாகிவிடும்.

5 காசில் அது நடக்காது. 0-க்கும் 10-க்கும் நட்டநடுவில் நிற்கிறது 5. மேலே தள்ளுவது என்று முடிவெடுத்தால் ஒவ்வொரு தடவையும் வாங்குபவருக்குத்தான் நட்டம். பேரங்காடியில் 2.95, 4.95 என்று முடியும் விலைகள் எத்தனை! ஒரே ஒரு ரொட்டிப் பாக்கெட் வாங்கி ரொக்கமாகக் கொடுப்பவர் 2 வெள்ளி 95 காசுக்கு 3 வெள்ளி கொடுப்பார். நியூசிலாந்து 2006ல் 5 காசை நிறுத்தியபோது, இந்த நடு எண்ணை எந்தப் பக்கம் தள்ளுவது என்பதைக் கடைக்காரர்களிடமே விட்டுவிட்டது. நாம் அப்படி விடக்கூடாது.

ஏனென்றால் இந்தச் சுமை எல்லார் மேலும் விழாது. கார்டில் தட்டிப் பேருந்தில் ஏறினால் கட்டணம் ஒற்றைக் காசு வரை சரியாகக் கழிகிறது. நாணயம்தான் போனது, கணக்கில் 1 காசு இன்னும் இருக்கிறது. விலையைக் கூட்டிக் குறைப்பதெல்லாம் ரொக்கம் கொடுப்பவருக்கு மட்டுமே. என் அம்மாவைப் போல, கியூஆர் கோட் என்றாலே தயங்கிப் பர்ஸைத் திறக்கும் முதியவர்கள்தான் அவர்களில் நிறைய பேர். தேக்கா சந்தையில் காய்கறி வாங்க வரிசையில் நின்று பார்த்தாலே தெரியும். அவர்களிடமிருந்து 5 காசு கூட அதிகமாக எடுக்கக்கூடாது என்பதில் எனக்குச் சமரசமே இல்லை.

கடைக்காரர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. சில்லறையை வங்கியில் போடவே கட்டணம் கட்டுகிறார்கள். 5 காசை எண்ணிப் பிரித்து வைக்கும் வேலை மிச்சமானால், குறைத்து வாங்கும் தொகையை அவர்கள் தாங்க முடியும் என்றே நினைக்கிறேன். ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக இல்லாமல், மொத்த பில்லுக்கு ஒரே தடவை குறைத்தால் போதும்.

விதி முன்னால் வரவேண்டும் என்பதற்கு அமெரிக்கா இருக்கிறது. அங்கே ஒரு சென்ட் அச்சடிக்க 3.69 சென்ட் செலவானது. 2025 நவம்பரில் நிறுத்தினார்கள். நாடு முழுவதற்கும் பொதுவான விதி இல்லாததால், மிச்சச் சில்லறையை எப்படிக் கணக்கிடுவது என்று கடைகள் திண்டாடின. இங்கே நாணய ஆணையம் முதலில் விதியை அறிவித்து, மக்களுக்குப் பழக ஓராண்டு கொடுத்து, பிறகு வெளியீட்டை நிறுத்தட்டும். வீட்டு உண்டியல்களில் கிடக்கும் 5 காசுகள், இன்றைய 1 காசு போலவே, அதன் பிறகும் செல்ல வேண்டும்.